நடாத கொடிகள்

"நீ வரும்போது கல்லெல்லாம் ஆறிப்போச்சே மச்சான்."

"ஆமா. ஆத்துல தண்ணி இறங்கல. கரையிலயே குந்தியிருந்தோம்."

"ஆளு அனுப்பியிருக்கலாம்ல? கொஞ்சம் பொறுத்திருப்போம்."

"யாரை அனுப்ப? ஒருத்தன் ஆத்தைத் தாண்ட முடிஞ்சா நானே தாண்டி வந்திருக்கமாட்டேனா?"

"சரி, பசியோட இருப்பீங்க. கிழங்கு சுடச் சொல்றேன்."

"வேண்டாம் மச்சான். வழியிலயே சாப்பிட்டாச்சு."

எங்கள் மலையூரான கெலாமியில் கோயிலுக்குப் புதுத் தகரக் கூரை போட்ட விருந்தன்று, யெமிஸும் அவன் மச்சினன் ஒத்னியேலும் சுட்ட கற்களைப் போட்டு இறைச்சி வேகவைத்த குழியோரம் நின்று பேசிக்கொண்டது இவ்வளவுதான். குழியில் மிச்சமிருந்த இலைகளை அள்ளிக்கொண்டிருந்த லெரினா ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். யெமிஸ் அவள் புருஷன், ஒத்னியேல் அவள் கூடப்பிறந்த அண்ணன். ஆற்றுக்கும் கெலாமிக்கும் நடுவே பாசியும் பாறையும் தவிர வேறொன்றும் கிடையாது. அந்த வழியில் யாரும் எதையும் சாப்பிட்டிருக்க முடியாது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அன்று குழியில் வெந்தது லெரினா வளர்த்த பன்றி. ஒருத்தி வளர்த்த பன்றியை அடித்தால், முதுகெலும்போடு சேர்ந்த விலாப்பக்கம் அவள் அண்ணனுக்குப் போகவேண்டும். யெமிஸ் அதைத் தனியாக இலையில் சுற்றி எடுத்துத்தான் வைத்திருந்தான். ஆனால் குழியைத் திறந்துவிட்டால் கற்கள் ஆறுவதற்குள் எல்லா இறைச்சியையும் கொடுத்து முடித்துவிட வேண்டும், அதுதான் எங்கள் மலையில் வழக்கம். மேற்குப் பள்ளத்தாக்கிலிருந்து வந்திருந்த யெமிஸின் பெரியப்பன் மக்கள் வரிசையாக உட்கார்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவி அடங்கிவிட்டது. ஒத்னியேலைக் காணவில்லை. யெமிஸ் அந்தப் பொட்டலத்தை எடுத்து அவர்களில் மூத்தவன் மடியில் வைத்துவிட்டான்.

அதைத் தப்பென்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் இன்னொரு குட்டியை அடித்து மச்சினனைத் தனியாக உட்காரவைத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் யெமிஸ் எழுந்து வருவதற்குள் ஒத்னியேல் மலையிறங்கித் தன் ஊருக்குப் போய்விட்டான்.

அதற்கப்புறம் லெரினாவின் மகள் அபினாவுக்குப் பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைத்தன. இன்னொரு பிள்ளை பிறந்து தவழ ஆரம்பித்தது. கீழேயிருந்து வருகிறவர்களிடம் ஒத்னியேல் தங்கைக்குச் செந்தாழைப் பழம் கொடுத்தனுப்புவான். அதை வேகவைத்துப் பிழிந்த சிவப்புச் சாற்றைக் கிழங்கோடு பிசைந்து பிள்ளைகள் விரலை நக்கிக்கொண்டு தின்னும். யெமிஸ் மட்டும் தொடமாட்டான். வயிறு சரியில்லை என்பான். செந்தாழை வரும் நாளிலெல்லாம் அவனுக்கு வயிறு சரியிருக்காது.

பிறகு ஒரு வருஷம் மழை விலகி, வானம் நிர்மலமாகக் கிடந்த நாட்களில் உறைபனி விழுந்தது.

விடியும்போது லெரினா தன் குடிசையிலிருந்து வெளியே வந்து, ஆண்கள் தனியே சேர்ந்து தூங்கும் குடிசையின் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள்.

"அபினா அப்பா, வெளிய வா."

"என்ன?"

"வந்து பாரு."

யெமிஸ் கால்பந்து சட்டைக்கு மேல் ஒரு பழைய கம்பளிச் சட்டையைச் சுற்றிக்கொண்டு வந்தான். பள்ளத்துத் தோட்டம் முழுவதும் சாம்பலைத் தூவியதுபோல வெளுத்துக் கிடந்தது. மிதித்த இடமெல்லாம் நொறுங்கியது. வெயில் ஏற ஏறச் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கொடிகள் வெந்த கீரைபோலத் துவண்டு, நடுப்பகலுக்குள் கறுத்துவிட்டன. மாலைக்குள் ஊர் முழுக்க அழுகல் வாடை.

"பள்ளத்து மண்ணு கறுப்பு, பள்ளத்து மண்ணு கறுப்புன்னு சொல்லித்தானே என் தோட்டத்தைச் சரிவிலிருந்து இறக்கின. இப்ப பாரு, கொடியும் கறுப்பாயிருச்சு. மண்ணு எது கொடி எதுன்னே தெரியல."

"பனி விழும்னு நான் கனாக் கண்டேனா?"

"குளிர் பள்ளத்துலதான் போய்ப் படுக்கும்னு சொன்னேன். நீ கேக்கல."

"மண்ணுக்குள்ள கிழங்கு இருக்குல்ல. அது ஒண்ணும் ஆகாது."

"கொடி செத்தா கிழங்கு எத்தனை நாளைக்கு இருக்கும்? நீர் கோத்து, பன்னிகூட மோந்து பாத்துட்டுப் போயிரும்."

அவன் கறுத்த கொடி ஒன்றைப் பிடித்து இழுத்தான். அது ஈரக் கயிறுபோலக் கையோடு வந்துவிட்டது.

நிவாரண விமானம் ஒருமுறை வந்தது. அரிசி மூட்டைகளும் நூடுல்ஸ் பெட்டிகளும் இறங்கின. ஊரில் எல்லோரும் ஓடுதளத்துப் புல்லை அரிவாளால் வெட்டி ஒழுங்குபண்ணி அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தோம். அதற்குள் மேகம் வந்து கணவாயை அடைத்துக்கொண்டது. வானொலிப் பெட்டியில் விமானி, தளம் ஈரமாக இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று நாங்கள் பொய் சொன்னோம். மேலே வட்டமடிக்கும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் தூரமாகப் போய்விட்டது.

எங்களுக்கு இது புதிதில்லை. எப்போதாவது ஒருமுறை பனி இப்படி அடிக்கும். அடித்தால் கதவுப் பலகைகளைக் கொடியால் கட்டிவிட்டு, அவரவர் தாழ்வான பள்ளத்தாக்கில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் இறங்குவோம். அங்கே நிலம் கேட்டு வாங்கி, நட்டு, தின்று, கெலாமியின் மண் தேறியதும் மேலே வருவோம். மலைக்கு மேல் பெண் கொடுப்பதும் கீழே பெண் எடுப்பதும் பாதிக்கு மேல் இதற்காகத்தான்.

"நாம எங்க போறது?" என்று லெரினா கேட்டாள். கேள்வி கேட்டுக்கொண்டே சரிவில் ஏறினாள். பெரிய பாறையின் முதுகோரம் அவள் பிடிவாதமாக விட்டுவைத்திருந்த ஒரே ஒரு மேட்டில் மட்டும் கொடி பச்சையாக இருந்தது. குளிர் தாங்கும் பழைய இனம், இலை சிறியது, கிழங்கு உள்ளே மஞ்சள். அடுத்த பனியில் இதுவும் செத்துவிட்டால் திரும்பி வரும்போது கெலாமியில் நடுவதற்கு ஒன்றும் இருக்காது. நுனிகளை வெட்டி, ஈரப் பாசியில் சுற்றி, வலைப்பையில் வைத்தாள்.

"மேக்க போகலாம்," என்றான் யெமிஸ். "பெரியப்பன் மக்கள் இருக்காங்க. நம்ம குழியில தின்னவங்க. மறுக்கமாட்டாங்க."

"அங்கயும் பனி அடிச்சிருக்குன்னு சொல்றாங்க."

"யாரு சொன்னது?"

"அங்கேருந்து வந்தவங்க. அவங்களே கீழே இறங்கிட்டு இருக்காங்க."

"ஜனங்க எதையும் பெருசாத்தான் சொல்லும்."

"பிள்ளைங்களை வச்சிக்கிட்டு அதைச் சரிபாக்க மூணு மலை ஏறணுமா? என் அண்ணன் வீடு ஒரு ராத்தங்கல் தூரம். வொனோகாவுல பனியே விழாது."

யெமிஸ் பன்றிக் கயிற்றை எடுத்தான், கீழே வைத்தான், மறுபடி எடுத்தான். "சரி, வொனோகாவுக்கே போவோம்," என்றான். "விருந்தாளியா."

அந்தக் கடைசி வார்த்தையை லெரினா அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வொனோகாவுக்கு அவர்கள் வரும் சத்தம் முதலில் போய்ச் சேர்ந்தது. வேலியருகே வருவதற்குள் "வா, வா, வா" என்று ஊரே திரண்டுவிட்டது. ஒத்னியேலின் பெண்சாதி மெந்தினா ஓடிவந்து லெரினாவின் தலையிலிருந்து வலைப்பையை இறக்கினாள். அவள் பெருத்த உடம்புக்காரி, சத்தமாகப் பேசுவாள், பேசுவதற்கு முன்பே சிரிப்பாள். ஒத்னியேல் தங்கையைக் கட்டிக்கொண்டு, அவள் தோளில் முகத்தை வைத்து, செத்துப்போன அம்மாவின் பெயரைச் சொல்லிக் கொஞ்ச நேரம் அழுதான். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு மச்சினனிடம் கையை நீட்டினான். விரல்கணுவைக் கணுவோடு மாட்டி இழுத்தார்கள். நல்லபடியாக இழுத்தால் சொடுக்குச் சத்தம் வரும். இரண்டு முறை இழுத்தும் வரவில்லை.

"கை ஈரம்," என்றான் யெமிஸ்.

"ஆமா, ஈரம்," என்றான் ஒத்னியேல்.

விருந்தாளிக்கு எங்கள் ஊர்களில் கேட்காமலே சோறு உண்டு, அதாவது கிழங்கு உண்டு. கணப்போரம் படுக்க இடம் உண்டு. விருந்தாளிப் பெண் அந்த வீட்டுத் தோட்டத்தில் களை எடுக்கலாம், கிழங்கு தோண்டலாம், சுமக்கலாம். ஆனால் ஒரே ஒரு கொடியைக்கூட அந்த மண்ணில் ஊன்றக்கூடாது. அவள் புருஷன் வாய்திறந்து நிலம் கேட்டு, நிலத்துக்காரன் வாய்திறந்து கொடுத்த பிறகுதான் அவள் கை நடவுக்குப் போகும். கேட்காமல் நட்டால் அது திருட்டு. நிலத்துக்காரன் அதை ஊர் பார்க்கப் பிடுங்கிப்போட வேண்டும். அண்ணன் தங்கை என்றாலும் அதேதான்.

யெமிஸ் கேட்கவில்லை.

முதல் நாள் களைப்பு என்றான். அடுத்த நாள் ஒத்னியேல் ஆற்றுச்சரிவில் புதுத் தோட்டம் ஒன்றுக்கு வேலி போடப் போனான். யெமிஸும் கோடரியை எடுத்துக்கொண்டு கூடவே போனான். மரத்தைப் பிளந்து பலகையாக்கினார்கள். கூராக்கி நட்டு, பிரம்பால் இறுக்கிக் கட்டினார்கள். ஒருவன் பலகையைப் பிடித்தால் இன்னொருவன் கேட்காமலே முடிச்சுப் போட்டான். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே தாய்க்குப் பிறந்தவர்கள் என்றுதான் சொல்வார்கள். பேச்சு மட்டும் கிடையாது. "இந்தப் பக்கம்", "இறுக்கு", "போதும்", அவ்வளவுதான்.

கீழே பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். லெரினாவின் கைகள் நிற்கவில்லை. களை இல்லாத இடத்திலும் மண்ணைக் கிளறிக்கொண்டே போனாள்.

"ஏ லெரினா, அது களை இல்ல, என் இஞ்சி," என்றாள் மெந்தினா. "பிடுங்கி எறிஞ்சுட்டு இருக்க."

"பாக்கலை மதினி."

"எப்படிப் பாப்ப? கண்ணு பூரா மேல வேலியிலதான் இருக்கு. கேட்டானா உன் புருஷன்?"

"இன்னும் இல்ல."

"அவன் வாயில என்ன வச்சிருக்கான், சுட்ட கல்லா? திறந்தா விழுந்துருமோ?"

"அண்ணனும்தான் ஒண்ணும் பேசல."

"நிலத்துக்காரன் எப்படி முதல்ல பேசுவான்? இந்தா எடுத்துக்கோன்னு எச்சில் இலை நீட்டின மாதிரி ஆகாதா? உன் புருஷன்தான் அப்புறம் ஆயுசுக்கும் அதைச் சொல்லிக்காட்டுவான்." மெந்தினா தோண்டுகோலை மண்ணில் குத்திவிட்டு இடுப்பில் கையை வைத்து நிமிர்ந்தாள். "அந்தப் புதுத் தோட்டத்தைப் பாத்தியா?"

"பாத்தேன். பெருசா இருக்கு."

"எங்க வீட்டுல எத்தனை வாய்? எனக்கு எதுக்கு இவ்வளவு பெரிய தோட்டம்? உங்க ஊர்ல பனி விழுந்துச்சுன்னு சேதி வந்த அன்னைக்கே கோடரியைத் தூக்கிட்டுப் போனான் உன் அண்ணன். யாருக்குன்னு கேட்டேன். 'பன்னிக்கு'ன்னான். எந்தப் பன்னி இவ்வளவு தின்னும்?"

லெரினா குனிந்த தலையை நிமிர்த்தாமல் மண்ணைக் கிளறினாள். முதுகில் வலைப்பைக்குள் பிள்ளை சிணுங்கியது.

"அன்னைக்கு அந்தப் பங்கு கிடைக்காததுக்குத்தான் அண்ணனுக்குக் கோவம், இல்லையா மதினி?"

"கறியா? கறியை எப்பவோ மறந்துட்டான். ஆத்துல தண்ணி வந்ததுக்கு யாரைச் சொல்ல முடியும்." மெந்தினா குரலைத் தாழ்த்தினாள். அவள் குரலைத் தாழ்த்தினாலும் பக்கத்து மேட்டுக்குக் கேட்கும். "வழியிலயே சாப்பிட்டேன்னு சொன்னானாம் உன் அண்ணன். அப்படியான்னு தலையாட்டிட்டு உன் புருஷன் அந்தப் பக்கம் திரும்பிட்டானாம். 'பட்டினியா வந்தவன் பொய் சொல்றான்னு அவனுக்குத் தெரியும் மெந்தினா, தெரிஞ்சும் நம்பின மாதிரி இருந்துட்டான்'. இதைத்தான் இன்னிவரைக்கும் சொல்லிட்டு இருக்கான்."

பகல் சாயும்போது மூடுபனி ஆற்றிலிருந்து மேலேறி வந்தது. பெண்கள் குடிசையின் கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில், வாழைமட்டைக்குள் லெரினா தன் கொடிகளை வைத்திருந்தாள். பிரித்துப் பார்த்தாள். இலைகள் மஞ்சளாகியிருந்தன. கணுக்களில் வெள்ளை வேர்கள் எட்டிப்பார்த்துத் தடவிக்கொண்டிருந்தன, பிடிக்க மண் இல்லாமல். இரண்டு நுனிகள் கறுத்திருந்தன. அவற்றைக் கிள்ளி எறிந்தாள்.

விறகு கொண்டுவந்த யெமிஸை ஓடையருகே நிறுத்தினாள். அவர்கள் தனியாகப் பேச முடிந்த இடம் அது ஒன்றுதான்.

"கேட்டியா?"

"இன்னைக்கு வேலி வேலை."

"வேலியில அவரும் நீயும்தானே இருந்தீங்க. பக்கத்துல பக்கத்துல."

"பலகையைத் தூக்கும்போது எப்படிக் கேக்கறது?"

"பலகையை வாய்லயா தூக்கின?"

அவன் சிரித்துவிட்டான். லெரினாவுக்கும் சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டாள். இந்தச் சிரிப்பில்தான் அவள் கல்யாணத்துக்குச் சம்மதித்தாள். இப்போதும் அந்தச் சிரிப்பைக் காட்டியே அவன் எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிறான்.

"நான் கேக்கட்டுமா?"

யெமிஸின் முகம் மாறியது. "நீ கேட்டா நான் இங்க எப்படி இருப்பேன்? ஆண்கள் குடிசையில என்னை என்னன்னு கூப்பிடுவாங்க தெரியுமா? பொஞ்சாதி வாயால தின்னவன்னு."

"அப்ப நீ கேளு."

"அவன் மனசுல என்னைப் பத்தி என்ன இருக்குன்னு தெரியாம எப்படிக் கேக்க? கேட்டு அவன் இல்லைன்னுட்டா?"

"மாட்டாரு."

"உனக்கு மாட்டாரு. எனக்கு?"

அவன் விறகைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

அண்ணனிடமும் ஒருமுறை முயன்றாள். அவன் தோட்டக் கால்வாயில் சேறு வாரிக்கொண்டிருந்தான். அவள் கரையில் வந்து நின்றாள்.

"அண்ணே."

"என்னம்மா, கிழங்கு பத்தலையா?"

"பத்துது."

"பிள்ளைக்குக் குளிருதா? மெந்தினாகிட்ட இன்னொரு கம்பளி இருக்கு."

"குளிரல."

"அப்ப சரி." சேற்றை அள்ளி மேட்டில் போட்டான். பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னான். "நீ கேக்க வந்ததைக் கேக்காத லெரினா. நீ கேட்டா நான் குடுத்துருவேன். குடுத்தா உன் புருஷன் என் மண்ணுல தலை நிமிரமாட்டான். ரெண்டு வருஷம் அப்படி ஒருத்தன் முகத்தைப் பாத்துட்டு நீ சமைக்கணும்."

"அவருக்கு உங்ககிட்ட பேச வெக்கம் அண்ணே."

"தெரியும். எனக்கு மட்டும் இல்லையா?"

மேலே எங்கோ பன்றி கத்தியது. ஒத்னியேல் குனிந்து மறுபடியும் வாரினான்.

வேலி முடிந்தது. கடைசிப் பலகையைக் கட்டிவிட்டு இருவரும் கொஞ்ச நேரம் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். தட்டுவதற்கு ஒன்றுமில்லை, வேலி நன்றாகவே நின்றது. புதுத் தோட்டத்தில் மெந்தினாவும் மற்றப் பெண்களும் மண்ணை உடைத்து மேடு கூட்டிவிட்டார்கள். கறுப்பும் சிவப்பும் கலந்த ஈர மண், கூப்பிடுவதுபோல ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது. லெரினா கூலிக்காரிபோல எல்லா மேடுகளையும் கூட்டிவிட்டாள், ஒன்றிலும் ஊன்றவில்லை.

அன்று சாயங்காலம் யெமிஸ் வந்து சொன்னான்: "காலையில கிளம்பறோம். மேக்க."

லெரினா கிழங்கைச் சாம்பலிலிருந்து புரட்டிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"மேக்க ஒண்ணும் இல்லன்னு நேத்து வந்தவங்களும் சொன்னாங்களே."

"போய்ப் பாக்கலாம்."

"பிள்ளை மூணு மலை தாங்குமா?"

"நான் தூக்கிக்கறேன்."

"என் கொடி தாங்காது."

அபினா தாயின் முகத்தையும் தகப்பன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, மாமா வீட்டுலயே இருக்கக்கூடாதா? இங்க கீரை இருக்கு. மாமி கதை சொல்றாங்க."

"உங்கப்பாகிட்ட கேளு."

"ஏம்ப்பா?"

"சாப்பிடு," என்றான் யெமிஸ்.

காலையில் ஒத்னியேல் வழக்கத்தில் குறை வைக்கவில்லை. போகிற விருந்தாளிக்கு வலைப்பை நிறையக் கிழங்கு, கீரைக்கட்டு, ஒரு குலைச் செந்தாழை. மெந்தினா அவற்றை அடுக்கும்போது சிரிக்கவில்லை. அதுவே ஊருக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. அக்கம்பக்கத்தார் வேலியோரம் கூடினார்கள்.

"மேக்கயா தம்பி?" என்றாள் மெந்தினா.

"ஆமாக்கா."

"நல்ல வழி. கல்லு நிறைய இருக்கும். பசிச்சா கடிக்கலாம்."

"மெந்தினா," என்றான் ஒத்னியேல்.

"நான் வழி சொன்னேன். அதுவும் தப்பா?"

யெமிஸ் பன்றியின் கயிற்றைக் கையில் சுற்றினான். பன்றிக்குப் போக மனமில்லை. அது நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு பின்னால் இழுத்தது. ஒத்னியேல் கையை நீட்டினான். மறுபடியும் சொடுக்கில்லாத கைகுலுக்கல்.

"பாத்துப் போ மச்சான்."

"சரி மச்சான். இருங்க."

"லெரினா எங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கிழங்குப் பை தரையில் அப்படியே கிடந்தது. அவள் அதைத் தலையில் ஏற்றவில்லை. பிள்ளையை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு, வாழைமட்டைக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, புது வேலியில் ஏறி இறங்கப் போட்டிருந்த படிக்கட்டையைத் தாண்டித் தோட்டத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள். அபினா பின்னாலேயே ஓடினாள்.

"என்ன பண்றா இவ?" என்றான் யெமிஸ்.

அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கூட்டம் வேலியோரம் நகர்ந்தது. ஒத்னியேலின் முகம் வெளிறியது.

லெரினா முதல் மேட்டின் முன் மண்டியிட்டாள். யாரையும் பார்க்கவில்லை. மட்டையைப் பிரித்தாள். மஞ்சளான இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, மிச்சமிருந்த பச்சை நுனிகளை மடியில் அடுக்கினாள். கிடந்த தோண்டுகோலை எடுத்து மண்ணில் சாய்வாக ஒரு குத்துக் குத்தினாள். துளை விழுந்தது. கோலைக் கீழே வைத்துவிட்டு ஒரு கொடியை எடுத்தாள்.

"லெரினா, வேண்டாம்மா," என்றான் ஒத்னியேல். குரல் கெஞ்சியது. "நான் பிடுங்கணும். எல்லாரும் பாக்கறாங்க. என்னைப் பிடுங்க வைக்காத."

அவள் கொடியைத் துளைக்கு நேரே பிடித்தாள். வேர்நுனி மண்ணுக்கு ஒரு விரல் உயரத்தில் நின்றது. கை இறங்கவும் இல்லை, பின்வாங்கவும் இல்லை. முதுகிலிருந்த பிள்ளை அவள் முடியைப் பிடித்து இழுத்தது.

"பிடுங்குங்க அண்ணே," என்றாள். "கையில வச்சு சாகடிக்கறதுக்குப் பதிலா மண்ணுலயே சாகட்டும்."

மெந்தினா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒத்னியேல் படிக்கட்டையில் ஒரு காலை வைத்தான். அதை எடுத்துவிட்டு மச்சினனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. எப்படியாவது என்னைக் காப்பாற்று என்றிருந்தது.

யெமிஸ் நின்ற இடத்தில் நின்றான். தன் பெண்சாதியின் பின்கழுத்து அவனுக்குத் தெரிந்தது. பைச்சுமை அழுத்தி அழுத்தி அங்கே தோல் தடித்துப்போயிருந்தது. திருட்டுப் பட்டம் வந்தால் அது அவள் தலையில்தான் விழும். அதைத் தெரிந்தேதான் அவள் போய் உட்கார்ந்திருக்கிறாள், அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அவனை ஒரு வார்த்தை குறை சொல்லாமல்.

கொடி இன்னும் கொஞ்சம் இறங்கியது.

யெமிஸின் கையிலிருந்து கயிறு நழுவியது. பன்றி உறுமிக்கொண்டு ஊருக்குள் ஓடியது. யாரும் அதைப் பிடிக்கப் போகவில்லை. அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தன் கையால் கட்டிய பலகையைப் பிடித்துக்கொண்டு, மச்சினனுக்கு நேரெதிராக நின்றான். காது இரண்டும் செந்தாழைபோலச் சிவந்திருந்தன.

"மச்சான்," என்றான்.

"சொல்லு மச்சான்."

"மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. எல்லாம் போயிருச்சு. மேக்கயும் இல்ல, எனக்குத் தெரியும்." ஊர் முழுக்கக் கேட்கும்படி குரலை உயர்த்தினான். "எங்களுக்கு நிலம் குடு. அவ நடட்டும். நானும் உன்கூட இங்கயே இருக்கேன், என்னையும் வச்சுக்கோ."